தனி ஆவர்த்தனத்துக்கு உட்கார்ந்த காதுகள்

காது கழண்டு நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. அந்தக் காதுக்காரங்க அத்தனை பேரும் காதில்லாம வந்து என் கேண்டீன் வாசல்ல நின்னுக்கிட்டு, "என்ன இருக்கு, என்ன இருக்கு"ன்னு கத்தினாங்க பாருங்க, நான் சொல்லுற பதில் ஒண்ணும் விழாம மறுபடி மறுபடி கத்தினாங்க பாருங்க, அதுதான் என் உயிரை வாங்கிச்சு.

எங்க ஊர் ஆழ்வாந்துறையில வருஷா வருஷம் அக்னி நட்சத்திரத்துலதான் கோடை இசை விழா. எந்தப் புண்ணியவான் நாள் குறிச்சானோ; மெட்ராசுலயும் பெங்களூர்லயும் இருக்கிற பிள்ளைகள் லீவுக்கு ஊர் திரும்புற காலம் அதுதான்னு காரணம் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையில பத்து நாள் கச்சேரி. மேல காத்தாடி சுத்தும், அடிக்கிறது அனல். ஆனாலும் சனம் நாலு மணிக்கே வந்து நாற்காலியில துண்டு போட்டு இடம் பிடிச்சு, பட்டுச்சேலையும் சரிகை வேட்டியுமா வேர்த்து ஊத்த உட்கார்ந்து, தொடையில தாளம் போட்டு, என்ன ராகம்னு பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லிக்கொடுத்து, சொன்னது தப்பாப் போச்சுன்னா இருமிச் சமாளிச்சு, நல்ல இடம் வந்தா 'ஆகா'ன்னு ஒரேயடியா உருகி, வீட்டுக்குப் போறப்ப நாளைக்கு யார் பாட்டுன்னு கேட்டுக்கிட்டே போகும். அந்தப் பத்து நாள் ஊரே சந்தோஷமா இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

பாடுறவங்களும் வயலின்காரங்களும் வெளியூர்லருந்து வருவாங்க. மிருதங்கம் மட்டும் உள்ளூர், பத்து நாளும் ஒரே ஆள், எங்க வீட்டுக்காரர் அனவரதம். கொட்டகைக்குப் பின்னாடி கேண்டீன் போடுறது நான், பிரமு. கல்யாணமான வருஷத்துலருந்து, இருபத்திரண்டு வருஷமா, கொட்டகைக்கு முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் எனக்கு.

கச்சேரி தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பெரிய பாட்டு ஒண்ணைப் பாடி முடிச்சதும் பாடுறவங்க மிருதங்கக்காரர் பக்கம் திரும்பிக் கையை விரிப்பாங்க. இனி ஒரு கால் மணி நேரம், இருபது நிமிஷம், அவர் மட்டும் தனியா வாசிக்கணும். அதுக்குப் பேர் தனி ஆவர்த்தனம். மத்த ஊர்ல எப்படியோ, எங்க ஊர்ல அந்தக் கை விரிஞ்சா பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு மணி அடிச்ச மாதிரிதான். நாற்காலி கறகறன்னு இழுபடும், சேலை சரசரக்கும், முன்னூறு பேரும் எந்திரிச்சு நேரா என் கிட்ட வந்து உளுந்தவடையும் ரவா தோசையும் நன்னாரி சர்பத்தும் கேட்பாங்க. உள்ளே எண்ணிப் பதினோரு பேர் உட்கார்ந்திருப்பாங்க, அதுல ஒருத்தர் தூங்குவாரு. எங்க வீட்டுக்காரர் மிருதங்கத்துல கைவைக்கிற நேரம்தான் என் தோசைக்கல்லுக்கு வேலை. ஒரே வீட்டுக்குள்ள இப்படி ஒரு கூத்து. இந்த இருபத்திரண்டு வருஷத்துல அவர் என் வடையைத் தொட்டதில்லை, நான் அவர் தனியைக் கேட்டதில்லை.

இந்த வருஷம் முதல் நாள் மத்தியானம், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே ஆரம்பிச்சாரு.

"ஏளா பிரமு, இந்தப் பத்து நாள்ல ஒரே ஒரு தனியை, ஒண்ணே ஒண்ணை, ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் சனம் உட்கார்ந்து கேட்கணும். இல்லைன்னா பதினோராம் நாள் மிருதங்கத்தைக் கட்டி வச்சிருவேன். பிறகு தொட மாட்டேன்."

"அதை என்கிட்ட ஏன் சொல்லுதீய? நானா எந்திரிச்சுப் போறேன்?"

"உன் வடைதானே எந்திரிக்கச் சொல்லுது!"

எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. ஆனா பயமும் வந்துச்சு, ஏன்னா அவர் சும்மா மிரட்டுற ஆள் இல்லை. வெத்திலையை விட்டுருதேன்னாரு, விட்டுட்டாரு. எங்க அண்ணன்கூடப் பேச மாட்டேன்னாரு, பதினாறு வருஷமா பேசலை. மிருதங்கம் இல்லாத அந்த மனுஷனை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய, எங்கே கொண்டு போய் உட்காரவைக்க?

முதல் ரெண்டு நாள் எப்பவும் போலப் போச்சு. மூணாம் நாள் பாடகர் கையை விரிச்சாரு, நாற்காலி இழுபட்டுச்சு, வழக்கம் போல முதல் ஆளா பர்வதம் மாமி வந்து நின்னாங்க. "ஏண்டி பிரமு, வடை சூடா இருக்கோ?" நான் "இப்பதான் எடுத்தேன் மாமி"ன்னேன். "சூடா இருக்கோன்னு கேட்டேன்!" "சூடுதான் மாமி!" "வாயத் தொறந்து சொல்லேண்டி!" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வையலாம்னு நிமிர்ந்து பார்த்தா மாமி காதுல வைரத்தோட்டைக் காணோம். ஐயையோ, கூட்டத்துல எவனோ அடிச்சுட்டானேன்னு கிட்டப் போய்ப் பார்க்கிறேன், காதையே காணோம். ரெண்டு பக்கமும் கன்னம் மாதிரி வழுவழுன்னு இருக்கு. பின்னால நிக்கிற வக்கீலுக்கும் இல்லை, அவருக்குப் பின்னால நிக்கிற சுப்பையா வாத்தியாருக்கும் இல்லை, வரிசையில கடைசி ஆள் வரைக்கும் ஒருத்தருக்கும் இல்லை.

கரண்டியோட ஓடிப்போய்க் கொட்டகைக்குள்ள எட்டிப் பார்த்தேன். நாற்காலிக்கு ரெண்டு காது, முன்னூறு நாற்காலிக்கும், போட்ட துண்டு மேலயே, மேடையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கு. எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடி வாசிச்சுக்கிட்டு இருக்காரு. அதுக்கு மேல நிக்க எனக்கு நேரமில்லை, எண்ணெயில வடை கருகிக்கிட்டு இருந்துச்சு.

தனி முடியப் போறப்ப வயலின்காரம்மா வயலினை எடுத்துத் தோள்ல வச்சாங்க. கொட்டகை வாசல்ல நின்ன சபைச் செக்ரட்டரி அரிகரசுப்பு சார் அதைப் பார்த்துத் துண்டை வீசிக் காட்டினாரு. அவருக்கும் காது இல்லை, ஆனா கண்ணு இருக்கே. சனம் கையைத் துடைச்சுக்கிட்டு உள்ளே போச்சு, அவங்கவங்க காதை எடுத்து மூக்குக்கண்ணாடி மாட்டுற மாதிரி மாட்டிக்கிச்சு, உட்கார்ந்துச்சு, தலையை ஆட்ட ஆரம்பிச்சுச்சு. யாரும் கூச்சல் போடலை, யாரும் மயங்கி விழலை. மறுநாள் போர்டுல சாக்பீஸ்ல எழுதியிருந்துச்சு: 'காதுகளை உரியவர்களே எடுத்துக்கொள்ளவும். மாறிப்போனால் சபை பொறுப்பல்ல.'

மாறத்தான் செஞ்சுது. வக்கீல் காதை மாட்டிக்கிட்டுப் போன சுப்பையா வாத்தியாருக்கு வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கட்சிக்காரங்க புலம்பலாவே கேட்டுச்சாம், மறுநாள் முதல் ஆம்பிளைங்க அத்தனை பேரும் காது மடல்ல சந்தனப் பொட்டு, விபூதிக் கீத்து, மைப்புள்ளின்னு ஆளுக்கு ஒரு அடையாளம் வச்சுக்கிட்டு வந்தாங்க. டாக்டர், அக்னி நட்சத்திரம் முடிஞ்சா சரியாப் போகும்னாரு. ஜோசியர், இதுக்குப் பரிகாரம் தேவையில்லைன்னாரு, அவர் காதும் அங்கதான் உட்கார்ந்திருந்துச்சு. பிந்தி வந்தவங்க, ஆளில்லாத நாற்காலியில காதைத் தள்ளிட்டு உட்காரலாமா கூடாதான்னு ஒரு பெரிய வழக்கைக் கிளப்ப, சபைக் கமிட்டி கூடிப் பேசி, துண்டுக்கு உள்ள மரியாதை காதுக்கும் உண்டுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. சண்டை அதோட முடிஞ்சுது. அஞ்சாம் நாளுக்குள்ள, காது கழலுறது என்னவோ எங்க பாட்டன் காலத்து வழக்கம் மாதிரி ஆகிப்போச்சு.

கஷ்டமெல்லாம் எனக்குத்தான். முன்னூறு செவிடுக்குப் பரிமாறிப் பார்த்தாத் தெரியும். சர்பத் கேட்டவர் கையில சாம்பார் போகும், தோசை கேட்டவர் தோசையை வாங்கிக்கிட்டே தோசை எங்கேம்பாரு, அவங்க பேசுறது அவங்களுக்கே கேட்காததால ஒவ்வொருத்தரும் அடிவயித்துலருந்து கத்துவாங்க. அந்த இருபது நிமிஷத்துல வெளியே காது இருக்கிற ஒரே பாவி நான். உள்ளே உட்கார்ந்து எந்திரிச்சாத்தானே எனக்குக் கழலும்? அத்தனை கத்தலும் என் காதுலதான் விழுந்துச்சு.

சரி, இவ்வளவு பட்டாலும் அவர் நினைச்சது நடந்துச்சேன்னு ஒரு ஆறுதல். மூணாம் நாள் ராத்திரி அவர் முகத்தைப் பார்க்கணுமே! "ஏளா, அறுநூறு காதுளா! ஒண்ணுகூட அசையலை!"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நாலாம் நாள் சிரிப்பு குறைஞ்சுது. ஆறாம் நாள் மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே தவிர, ஒரு வாய் உள்ளே போகலை.

"என்னங்க, இப்ப என்ன குறை?"

"காது தலை ஆட்டுமா?"

"என்னது?"

"கேட்குது, நல்லாக் கேட்குது, எவனும் அப்படிக் கேட்டதில்லை. ஆனா நல்லா இருக்கா, இல்லையான்னு எப்படித் தெரியும்? காதுக்குக் கண்ணு உண்டா, உதடு உண்டா, சுருங்குறதுக்குப் புருவம் உண்டா? அந்தப் பதினோரு பேர் இருக்கிறது கடைசி வரிசையில, முகமே தெரியாது. ஒரு நல்ல இடத்தை வாசிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா எதிர்ல ஒரு முகம் வேணும்ளா. முகம் சுளிச்சாலும் சரி. இது என்னமோ கிணத்துக்குள்ள கல்லைப் போடுற மாதிரி இருக்கு, விழுந்த சத்தம்கூட வரமாட்டேங்குது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "கேட்க ஆள் இல்லைன்னீய, காது வந்துச்சு. காது வந்துச்சுன்னா தலை இல்லைங்கீய. நாளைக்குத் தலை வந்தா கால் இல்லைம்பீயளா? அங்கன செவிட்டுக் கூட்டத்துக்கிட்ட நான் படுற பாடு போதாதுன்னு வீட்லயும் இதே பாட்டா? சாப்பிடுங்க முதல்ல!"

சாப்பிடலை. கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு.

ஆனா அவர் சொன்னது எவ்வளவு சரின்னு ஏழாம் நாள்தான் எனக்கு விளங்கிச்சு. காதைத் திரும்ப மாட்டினதும் தனி முழுசும் அவங்களுக்குள்ள இறங்கிரும் போல. பர்வதம் மாமி வீட்டுல பீன்ஸ் நறுக்குறதே 'தகிட தகிட'ன்னு கேட்டுச்சாம், வக்கீல் படியிறங்குறது கணக்குத் தப்பாம இருந்துச்சாம். வழியில எங்க வீட்டுக்காரரைப் பார்த்தா, வாயில சட்னி ஒட்டியிருக்கிறப்பவே, "அண்ணாச்சி, இன்னைக்கு அந்த முடிப்பு பிரமாதம்!"ன்னாங்க. உட்காராமலே கேட்டாச்சு, வடையும் தின்னாச்சு, இதைவிட வசதி வேற என்ன? அந்தச் சங்கதி ஒவ்வொருத்தரா அந்தப் பதினோரு பேர் வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சு. இருபத்திரண்டு வருஷமா அசையாம உட்கார்ந்து கேட்ட பதினோரு பேரும் ஏழாம் நாள் காதை வச்சுட்டு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கிட்டே, என் வரிசையில வந்து நின்னாங்க. தூங்குறவரும் வந்தாரு. கொட்டகையில ஒரு மனுஷத் தலைகூட இல்லை.

அன்னைக்குக் கச்சேரி முடிஞ்சதும் அரிகரசுப்பு சார் சிரிச்ச முகமா வந்தாரு. "அண்ணாச்சி, எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி. அடுத்த வருஷம் நோட்டீஸ்லயே போட்டுரலாம்னு பார்க்கிறோம், 'தனி ஆவர்த்தனத்துக்குக் காது மட்டும் இருந்தால் போதும்'னு." எங்க வீட்டுக்காரர் "சரி"ன்னாரு. அவர் அப்படிச் சட்டுன்னு சரின்னு சொன்னதை நான் கேட்டதே இல்லை. ஒன்பதாம் நாள் காலையில தையக்காரர்கிட்டப் போய் மிருதங்கத்துக்குக் கெட்டித் துணியில புது உறை தைச்சு வாங்கிட்டு வந்து, கட்டில் மேல வச்சு, நாடாவை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாரு.

பத்தாம் நாள் நான் உளுந்து ஊறப் போடலை. அடுப்புக்கு விறகு எடுத்து வைக்கலை. கேண்டீன் கதவைச் சாத்திப் பெரிய பூட்டாப் போட்டுச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். போங்க, இன்னைக்கு எங்க போவீங்கன்னு பார்த்துருதேன், தின்ன ஒண்ணும் இல்லைன்னா உட்கார்ந்துதானே ஆகணும்? அப்படித்தான் நினைச்சேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அன்னைக்குப் பாட்டு நீலாயதாட்சின்னு ஒரு சின்ன வயசுப் பொண்ணு. தேனா பாடிச்சு, சனம் சொக்கிப் போய்க் கிடந்துச்சு. பெரிய பாட்டு முடிஞ்சு அது கையை விரிச்சதுதான் தாமதம், நாற்காலி கறகறன்னு இழுபட்டுச்சு. அத்தனை பேரும் எந்திரிச்சாச்சு. கேண்டீன் பூட்டிக் கிடக்குன்னு உள்ளே வர்றப்பவே பார்த்தவங்கதான், பார்த்து "ஏன் பூட்டியிருக்கு"ன்னு பேசிக்கிட்டவங்கதான், ஆனாலும் எந்திரிச்சாங்க. காதை வச்சாங்க, வரிசையா வந்தாங்க, பூட்டின கதவு முன்னால வரிசை போட்டு நின்னு, நோட்டீஸை மடக்கி விசிறிக்கிட்டு, "பிரமு, பிரமு"ன்னு கதவைத் தட்டினாங்க. நான் அவங்க பக்கத்துலயே நிக்கேன். "இன்னைக்கு ஒண்ணும் கிடையாது, போய் உட்காருங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்குக் காது இருக்கு? மாமி என்னைப் பார்த்து, "ரெண்டு வடை, சட்னி நிறைய"ன்னாங்க.

"நாசமாப் போங்க"ன்னு சொல்லிட்டு நான் உள்ளே போனேன்.

உட்கார ஒரு இடம் இல்லை. எல்லா நாற்காலியிலயும் காது. முதல் வரிசையில நடு நாற்காலிக்குப் போய், மாமியோட வைரத்தோட்டுக் காது ரெண்டையும் எடுத்து மடியில வச்சுக்கிட்டு, கமிட்டித் தீர்ப்பு கிடக்கட்டும்னு உட்கார்ந்தேன். வேர்வை ஊத்துது, சேலை பூரா பழைய எண்ணெய் வாடை. மேடையில அவர் கண்ணைத் திறந்தாரு. என்னைப் பார்த்தாரு. ஒரு தட்டு தவறிச்சு, எனக்கே தெரிஞ்சுது.

எல்லாரும் தொடையில தட்டுவாங்களேன்னு நானும் தட்டினேன். அவர் முகம் சுளிச்சாரு. வேகமாத் தட்டினேன், இன்னும் சுளிச்சாரு, தாடையால 'இங்க, இங்க'ன்னு காட்டினாரு. எனக்கென்ன தாளம் தெரியும்? நீலாயதாட்சி சிரிப்பை அடக்கிக்கிட்டு, தான் போடுற தாளம் எனக்குத் தெரியுற மாதிரி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துச்சு. அது கையைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன், ரெண்டு தடவை விட்டேன், பிறகு பிடிச்சேன்.

நடுவுல ஒரு இடத்துல வேகத்தையெல்லாம் விட்டுட்டு இடது கையால மெல்ல மெல்ல ஒண்ணு வாசிச்சாரு. இது எனக்குத் தெரியுமேன்னு தோணிச்சு. நினைச்சுப் பார்த்தா, சோறு வர்ற வரைக்கும் தட்டுல விரலால தட்டிக்கிட்டே இருப்பாரே, "தட்டைத் தட்டாதீங்க, வீட்டுக்கு ஆகாது"ன்னு நான் தினம் வைவேனே, அது! இருபத்திரண்டு வருஷமா நான் வஞ்சு வஞ்சு நிறுத்தினது இதைத்தான். நிறுத்தாம விட்டிருந்தா இப்படி ஒண்ணு வந்திருக்கும்னு எனக்கு எவன் சொன்னான்? இவர்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அழுகை வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு, எது முதல்ல வந்துச்சுன்னு தெரியலை. என் முகம் எப்படிப் போச்சோ, அவர் கண்ணை எடுக்காம அதையே பார்த்துக்கிட்டு வாசிச்சாரு.

கடைசியில ஒரே முடிப்பை மூணு தடவை வாசிச்சு நிறுத்தினாரு. அந்தப் பொண்ணு பாட்டை எடுத்துச்சு. கைதட்டுற இடம் அது. காதுக்குக் கை ஏது? அந்தப் பெரிய கொட்டகையில என் ரெண்டு கையும் மட்டும்தான் தட்டிச்சு.

பிறகு சனம் திரும்பி வந்துச்சு, காதை மாட்டிச்சு, கேண்டீன் பூட்டினதுக்கு என்னை வஞ்சுக்கிட்டே மிச்சப் பாட்டைக் கேட்டு உருகிச்சு. மங்களம் பாடி எல்லாம் முடிஞ்சது. அவர் மிருதங்கத்தைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்தாரு, ரெண்டு பேரும் நடந்தோம்.

"எப்படி இருந்துச்சு?"

நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம். அவ்வளவு நாளும் அதுக்குத்தானே ஏங்கினாரு. ஆனா என் வாய் இருக்கே.

"நீளமா இருந்துச்சு."

நின்னுட்டாரு. "எது?"

"அந்த அஞ்சஞ்சா வந்துச்சே, ஒரு இடம். கால் மரத்துப் போச்சு."

"அது கண்ட நடைளா!"

"எந்த நடையோ. நீளம்."

மிருதங்கத்தைத் தோள் மாத்தினாரு. ஒரு தெரு முழுக்க வேகமா நடந்தாரு. போச்சு, இன்னைக்கு நானே என் கையால கட்டி வச்சுட்டேன்னு நினைச்சேன். தெருமுக்கு திரும்புறப்ப வாயைத் திறந்தாரு.

"வர்ற வருஷம் அதைப் பாதியாக் குறைச்சிருதேன்."

நான் நடையை நிறுத்தலை. நிறுத்தினா நடுத்தெருவுல அழுதிருப்பேன்.

"முக்கால்வாசியைக் குறைங்க"ன்னேன்.

"அதெல்லாம் முடியாது! அப்படிக் குறைச்சா கணக்கு எங்க போய் நிக்கும், உனக்கு என்னளா தெரியும்?"ன்னு சண்டைக்கு வந்துட்டாரு. வீடு வர்ற வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டே வந்தோம்.